வேலி மேய்ந்த ஊர்: ஜான் கிளேரும் பொதுநில உரிமையும்

தமிழில் ஒருவரை இழித்துரைக்க வேண்டுமெனில் இன்று நாவில் எளிதாக வந்துவிழும் சொற்களுள் ஒன்று ‘புறம்போக்கு’. எதற்கும் உதவாதவன், கேட்பாரற்றவன் என்றெல்லாம் அதற்குப் பொருள் ஏறிவிட்டது. ஆனால் அச்சொல் நிலவரிக் கணக்கிலிருந்து வந்தது. ஊரெல்லைக்குள் இருந்தும் வரிவிதிப்புக்குப் புறத்தே விடப்பட்ட நிலம் புறம்போக்கு எனப்பட்டது. ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் வெளி, வண்டிப்பாதை, களத்துமேடு, இடுகாடு ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். வரி தராத நிலம் என்பதே அதன் பொருள். பயன் தராத நிலம் என்ற பொருள் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. ஊர் முழுவதும் பயன்கொண்ட நிலத்தின் பெயர் எவ்வாறு பயனின்மையின் பெயராயிற்று?

ஆங்கிலத்திலும் இச்சொல்லுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. இன்று கழிவு, வீண் என்ற பொருளில் நாம் அன்றாடம் வழங்கும் ‘வேஸ்ட்’ என்னும் சொல், இடைக்கால இங்கிலாந்தின் நிலவழக்கில் ஒரு பண்ணையின் உழப்படாத பகுதியைக் குறித்தது. உழப்படாதது என்பது வீணாய்க் கிடப்பது என்றாவதற்குச் சில நூற்றாண்டுகள் ஆயின. பொதுநிலத்தை வேலியிட்டுத் தனியுடைமையாக்கும் பணியை நாடாளுமன்றச் சட்டங்களின் வழியே ஊர் ஊராகச் செய்துமுடித்த நாடு இங்கிலாந்து. அந்நிகழ்வுக்கு உள்ளிருந்தே சாட்சி சொல்ல ஒரு கவிஞனும் வாய்த்தான். ஆகவே இக்கதையை நாம் அங்கிருந்து தொடங்குவதே முறை.

* * *

இங்கிலாந்தின் நடுப்பகுதிச் சிற்றூர் ஒன்றைப் பழைய நிலையில் கற்பனை செய்துகொள்வோம். ஊரைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று பெருவயல்கள். அவற்றுள் ஒவ்வொரு குடும்பத்தின் பங்கும் நீண்டு ஒடுங்கிய கீற்றுகளாகச் சிதறிக் கிடக்கும். கீற்றுகளுக்கிடையே நிலையான வேலி கிடையாது. அறுவடை முடிந்தவுடன் வயல் முழுவதும் ஊர்க் கால்நடைகளுக்குத் திறந்துவிடப்படும். சுழற்சி முறையில் ஒரு வயல் ஆண்டு முழுதும் உழாமல் விடப்படும். அதிலும் ஆடுமாடுகள் மேயும். வயல்களுக்கு அப்பால் புல்வெளியும் புதர்க்காடும் சதுப்பும் மரக்காடும் விரியும். இவை ஊர்ப்பொது.

‘பொது’ என்பதை யாருக்கும் உரிமையற்றது என்று கொள்ளலாகாது. சட்டப்படி நிலத்தின் மண் பண்ணைத் தலைவருக்குரியது. ஆனால் அம்மண்ணின்மீது நிற்பவற்றையும் விளைபவற்றையும் எடுத்துக்கொள்ளும் உரிமைகள் குடிகளுக்குரியவை. மாடு மேய்க்கும் உரிமை ஒன்று; விறகும் வேலிக்கொம்பும் வெட்டும் உரிமை மற்றொன்று; சதுப்பில் மண்கட்டி வெட்டி உலர்த்தி அடுப்பெரிக்கும் உரிமை, இலையுதிர் காலத்தில் ஓக் மரக்காட்டில் பன்றிகளை மேயவிடும் உரிமை, மீன்பிடி உரிமை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது. ஒரே நிலத்தின்மீது பலருடைய உரிமைகள் அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. 1215இன் மேக்னா கார்ட்டாவை நாம் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். இரண்டாண்டு கழித்து, 1217இல், மூன்றாம் ஹென்றியின் பெயரால் வெளிவந்த ‘வனச் சாசனம்’ அத்துணைப் புகழ் பெறவில்லை. அரசக் காடுகளில் மேய்த்தல், விறகெடுத்தல் முதலியவற்றைச் செய்யக் குடிகளுக்கிருந்த உரிமைகளை அது ஏற்றுக்கொண்டது.

உரிமையோடு கட்டுப்பாடும் இருந்தது. எவர் எத்தனை மாடு விடலாம், எந்நாளில் வயல் திறக்கும், எந்நாளில் அடைபடும் என்பனவற்றைப் பண்ணை மன்றங்கள் ஆண்டுதோறும் முடிவுசெய்தன. அத்துமீறி மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைத்துத் தண்டம் வாங்கவும் ஆள் இருந்தார். நம்மூர்ப் பட்டியையும் பட்டி மாட்டையும் அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

வேலியின் வரலாறும் பழையதே. பண்ணைத் தலைவர் குடிகளுக்குப் போதிய மேய்ச்சலை விட்டுவைத்துவிட்டு எஞ்சிய வெளியை அடைத்துக்கொள்ளலாம் என்று 1235ஆம் ஆண்டின் மெர்ட்டன் சட்டமே இடங்கொடுத்தது. ‘போதிய’ என்னும் அச்சொல்லுக்குள் பின்வந்த நூற்றாண்டுகளின் வழக்குகள் பலவும் அடங்கிவிடுகின்றன. கம்பளி வாணிகம் செழித்தபோது உழுநிலங்கள் ஆட்டுவெளிகளாக மாறின. ஆடுகள் ஆளைத் தின்னத் தொடங்கிவிட்டன என்ற கருத்தமைந்த கடுமையான நையாண்டியைத் தாமஸ் மூர் தமது ‘யுடோப்பியா’வில் (1516) வைத்தார்.

1549இல் நார்ஃபோக் பகுதியில் வேலி பிடுங்கும் கலகம் மூண்டது. கலகக்காரர்கள் ராபர்ட் கெட் என்பவரின் வேலியையும் பிடுங்க வந்தனர். அவரோ அவர்கள் பக்கம் நியாயமிருப்பதாக ஏற்றுத் தம் வேலியைத் தாமே அகற்றியதோடு அவர்களுக்குத் தலைமையும் ஏற்றார். ஏறத்தாழ 16,000 பேர் நாரிச் நகருக்கு வெளியே பாளையமிறங்கினர். ஆகஸ்ட்டில் படை வந்தது. டிசம்பரில் கெட் நாரிச் கோட்டைச் சுவரில் தூக்கிலிடப்பட்டார். சரியாக நானூறு ஆண்டுகள் கழித்து, 1949இல், அதே கோட்டையில் அவரைப் போற்றும் நினைவுப் பலகை வைக்கப்பட்டது. ஜெரார்ட் வின்ஸ்டன்லியும் தோழர்களும் நிலம் அனைவர்க்கும் பொது என அறிவித்து 1649இல் மண்வெட்டியோடு ஏறிய சர்ரே மாவட்டத்துச் செயின்ட் ஜார்ஜ் குன்றுக்கு அத்தகைய பேறும் வாய்க்கவில்லை. அது இன்று காவலர் நிற்கும் வாயிலுக்குள் அடைபட்ட செல்வர் குடியிருப்பு.

* * *

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் வேலியின் தன்மை மாறியது. அதுவரை வலியவர் தாமாக அடைத்தனர், அல்லது ஊரார் உடன்பாட்டால் அடைத்தனர். இப்போது நாடாளுமன்றமே அடைத்துக்கொடுத்தது. 1604 முதல் 1914 வரை ஏறத்தாழ 5,200 வேலியடைப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றால் அடைபட்ட நிலம் 68 இலட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்திலொரு பங்குக்கும் சற்று அதிகம். இச்சட்டங்களுள் மிகப்பெரும்பாலானவை 1750க்கும் 1850க்கும் இடைப்பட்ட நூறாண்டுகளைச் சேர்ந்தவை.

நடைமுறை இவ்வாறு அமைந்தது. ஊரின் பெருநிலக்காரர்கள் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பிப்பார்கள். ஒப்புதல் எத்தனை பேருடையது என்று எண்ணப்படவில்லை; நிலமதிப்பில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வைத்திருந்தோர் இசைந்தால் போதும். மாதா கோவில் கதவில் அறிவிப்பு ஒட்டப்படும். சட்டம் நிறைவேறியதும் ஆணையர்கள் வந்து நிலம் அளந்து உரிமை கோருவோரை எழுத்துவழிக் கோரச் சொல்வார்கள். பிறகு புதிய வரைபடமும் பங்கீட்டு ஆவணமும் உருவாகும். பங்கு கிடைத்தவர் தம் செலவில், குறித்த காலத்துக்குள், வேலியிட வேண்டும்.

இங்கேதான் நூல் அறுந்தது. பாட்டன் மேய்த்தான், தந்தை மேய்த்தான், நான் மேய்க்கிறேன் என்பதே ஏழைக் குடியின் உரிமைப் பத்திரம். எழுத்தில் காட்டு என்று ஆணையர் கேட்டபோது காட்ட அவனிடம் ஏதுமில்லை. சிறு பங்கு பெற்றவனாலும் சட்டச் செலவையும் வேலிச் செலவையும் தாங்க இயலவில்லை; பலர் விற்றனர். அடைபட்டது நிலம் மட்டுமன்று. ஒரு பசு, நாலு வாத்து, காட்டு விறகு, வேலியோரத்துக் கனிகள் ஆகியவற்றைக் கொண்டு பெண்களும் சிறுவர்களும் வீட்டுக்குச் சேர்த்த வருவாயும் நின்றது. முழுதும் கூலியை நம்பியிருக்க வேண்டிய ஒரு வகுப்பு இவ்வாறு உருவாயிற்று.

வழக்குமன்றமும் அதே திசையில் நடந்தது. அறுவடைக்குப் பின் சிந்திய கதிரைப் பொறுக்கிக்கொள்வது ஏழைகளின் பழைய வழக்கம். விவிலியத்தில் ரூத் கதிர் பொறுக்கிய காட்சியை அறியாதார் இல்லை. 1788இல் ஸ்டீல் எதிர் ஹௌட்டன் என்னும் வழக்கில் அப்படியொரு பொது உரிமை நாட்டின் பொதுச்சட்டத்தில் இல்லை என்று தீர்ப்பாயிற்று. வழக்கம் என்பது தயவு என்றானது அந்நாளில்தான் என்று கூறத் தோன்றுகிறது. எனினும் வயல்களில் கதிர் பொறுக்குவது அதன்பின்னும் நெடுங்காலம் நின்றுவிடவில்லை.

வேலியடைப்புக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய வேளாண் எழுத்தாளர் ஆர்தர் யங் என்பவரே 1801இல் மனம் மாறி எழுதினார். இருபது வேலியடைப்புச் சட்டங்களில் பத்தொன்பது ஏழைகளுக்குத் தீங்கிழைத்தன என்பது அவர் கண்ட முடிவு. பொதுநிலத்தை ஏழைகளுக்குப் பசுவும் நிலமுமாகப் பங்கிட வேண்டுமென்று அவர் பரிந்துரைத்தார். கேட்பாரில்லை.

* * *

1809இல் ஹெல்ப்ஸ்டன் என்னும் ஊருக்கும் அதையடுத்த ஊர்களுக்கும் அத்தகைய சட்டமொன்று வந்தது. அவ்வூரில் கூலிக்குக் கதிரடித்த ஒருவரின் மகனாக 1793இல் பிறந்த ஜான் கிளேருக்கு அப்போது பதினாறு வயது. பங்கீட்டு ஆவணம் 1820இல் முடிவுற்றது. கிளேரின் முதற் கவிதை நூல் வெளிவந்ததும் அதே 1820இல். ஓர் ஊர் காகிதத்தில் பிரிக்கப்பட்ட காலமும் அவ்வூர்க் கவிஞன் உருவான காலமும் ஒன்றாயிருந்தன.

பிழைப்புக்காகக் கிளேர் வேலிப்பணியிலும் கூலியாளாக இருந்தார் என்பதைத் தயக்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. எந்த வேலியைப் பின்னாளில் பாட்டில் சபித்தாரோ அந்த வேலிச்செடியை நட்ட கைகளுள் அவருடையவையும் உண்டு. வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்பது நம் பழமொழி. ஹெல்ப்ஸ்டனில் வேலி ஊரையே மேய்ந்தது. மேயவிட்டவர்களுள் ஊராரும் கூலிக்கு நின்றனர். வறுமை அப்படித்தான் வேலை வாங்கும்.

அவருடைய கவிதைகளுள் ஒன்றில் ஸ்வாடி வெல் என்னும் பழைய கல்லாங்குத்து நிலமே வாய்திறந்து பேசுகிறது. வேலியடைப்பின்போது அது சாலைக்குக் கல்லெடுக்கும் இடமாக ஒதுக்கப்பட்டது. தன்னைத் தோண்டியெடுப்போரைப் பற்றி அந்நிலம் தன் வாயால் முறையிடுகிறது. முதற்பொருள், கருப்பொருள் என நிலத்தைப் பயின்ற தமிழ் வாசகர்க்குக் கிளேர் அயலார் அல்லர். பறவையின் கூடு, புல்லின் பெயர், ஆயர் அமர்ந்த புதர் என அவர் பாட்டில் அடுக்குவன எல்லாம் நாம் கருப்பொருள் என்போமே அவைதாம். நிலமும் பொழுதும் அவ்வாறே நிற்க, கருப்பொருள் ஒவ்வொன்றாக உதிர்வதை அவர் கண்டார். திறந்த வயல்களையுடைய ஊர் வட்டமாக, தன்னையே மையமாகக் கொண்டு அமைந்தது. அடைபட்ட ஊரோ நேர்க்கோட்டுச் சாலைகளால் வெளியூரை நோக்கித் திருப்பப்பட்டது என்று திறனாய்வாளர் ஜான் பாரெல் 1972இல் எழுதியது இங்கு எண்ணத்தக்கது.

இலண்டன் அவரைக் ‘குடியானவக் கவிஞர்’ எனக் கொண்டாடியது. ஆனால் குடியானவனின் கோபத்தை அது விரும்பவில்லை. செல்வத்தைச் சாடிய வரிகளை நீக்கும்படி அவரை ஆதரித்த பிரபு ராட்ஸ்டாக் வற்புறுத்த, முதல் நூலின் பிந்திய பதிப்பில் அவை நீக்கப்பட்டன. வேலியடைப்பை நேராகச் சாடும் ‘மூர்கள்’ என்ற கவிதை அவர் வாழ்நாளில் அச்சேறவே இல்லை. நிலத்தில் போட்ட வேலி நூலுக்குள்ளும் வந்தது எனலாம்.

1832இல் மூன்று கல் தொலைவிலுள்ள நார்த்பரோ என்னும் ஊருக்கு அவர் குடிபெயர்ந்தார். அத்தொலைவையும் அவர் மனம் தாங்கவில்லை. 1837இல் இலண்டனை அடுத்த எப்பிங் காட்டிலுள்ள ஹை பீச் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். 1841 ஜூலையில் அங்கிருந்து தப்பி நான்கு நாள் எண்பது கல்லுக்கும் மேல் நடந்து வீடு திரும்பினார். பசிக்கு வழியோரப் புல்லைத் தின்றதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் மனநல விடுதிக்கு, இம்முறை நார்தாம்டனுக்கு, அனுப்பப்பட்டு 1864இல் அங்கேயே மறைந்தார். அவர் நோய்க்கு வேலியே காரணம் என்று சொல்வது மிகை. வறுமை, குடும்பச்சுமை, புகழ் வந்து போன வேகம் எனக் காரணங்கள் பல. ஆயினும் ஊரை இழந்த துயரத்தை விட்டுவிட்டு அந்நோயைப் பேசவும் இயலாது.

* * *

மறுதரப்பையும் கேட்டாக வேண்டும். வேலியடைப்பு விளைச்சலைப் பெருக்கியது, வளரும் நகரங்களுக்குச் சோறிட்டது என்பது நெடுநாள் வாதம். நிலக்குத்தகை பெரிதும் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் விளைச்சல் பெருக்கத்தின் பெரும்பங்கு திறந்த வயல்களிலேயே முன்னரே நிகழ்ந்துவிட்டது என ராபர்ட் ஆலன் 1992இல் வாதிட்டார். பொதுநிலம் யாருக்கும் பொறுப்பற்றதாய் மேய்ந்தழிக்கப்படும் என்ற கருத்தைக் காரெட் ஹார்டின் 1968இல் புகழ்பெறச் செய்தார். அவர் வரைந்த மேய்ச்சல் நிலத்தில் மன்றமும் இல்லை, பட்டியும் இல்லை, தண்டமும் இல்லை. எலினார் ஆஸ்ட்ரம் தமது 1990ஆம் ஆண்டு நூலில் மெய்யான பொதுநிலங்களை ஆராய்ந்தார். சுவிட்சர்லாந்தின் தோர்பெல் என்னும் மலையூரில், பனிக்காலத்தில் தீனியிட்டுக் காக்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் எவரும் பொதுமேய்ச்சலுக்குப் பசு அனுப்பலாகாது என்ற விதி 1517 முதல் எழுத்தில் உள்ளது. ஆஸ்ட்ரம் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் காற்று திரும்பியது. 1865இல் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1866 மார்ச்சில் பெர்க்காம்ஸ்டெட் பொதுவெளியை அடைத்த இரும்பு வேலியை, அகஸ்டஸ் ஸ்மித் கூலிக்கமர்த்திய 120 ஆட்கள் ஒரே இரவில் பெயர்த்தெடுத்தனர். வழக்கும் 1870இல் அவருக்கே வென்றது. எப்பிங் காட்டில் இலண்டன் மாநகராட்சி வழக்காடி 1874இல் வென்றது. 1878இல் காட்டைக் காக்கச் சட்டம் வந்தது. 1882 மே மாதத்தில் விக்டோரியா மகாராணி நேரில் வந்து அக்காட்டை மக்களின் மகிழ்வுக்கென அர்ப்பணித்தார். அவர் வந்து நின்ற இடம், கிளேர் அடைபட்டுக் கிடந்த அதே ஹை பீச்.

இவ்வெற்றிக்கு உள்ளேயும் ஓர் இழப்பு உண்டு. எப்பிங்கை ஒட்டிய லௌட்டன் ஊரார்க்குப் பனிக்காலத்தில் மரக்கிளை தறித்து விறகெடுக்கும் உரிமை இருந்தது. அதை விடாது நிலைநாட்டப் போராடிய வில்லிங்கேல் குடும்பத்தார் 1866இல் சிறையும் சென்றனர். காட்டைக் காத்த சட்டம் அவ்வுரிமையை முடித்துவைத்தது. ஈடாகக் கிடைத்த பணத்தில் 1884இல் ஊருக்கு ஒரு மண்டபம் எழும்பியது. பொதுநிலம் பிழைத்தது, உலாவுவோர்க்காக. அடுப்பெரித்தவரின் உரிமை மண்டபத்தின் பெயராக மட்டும் எஞ்சியது.

* * *

ஹை பீச்சில் மகாராணி காட்டை மக்களுக்களித்த அதே 1882ஆம் ஆண்டு, அவருடைய ஆட்சிக்குட்பட்ட சென்னை மாகாணத்தில் வனச்சட்டம் வந்தது. அதற்குப் பதினோராண்டு முன், 1871இல், சென்னை வருவாய் வாரியமே இதனை எதிர்த்துக் கருத்துரைத்திருந்தது. மாகாணத்தில் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்காத காடு அரிது, எல்லாவற்றின்மீதும் தொன்றுதொட்ட சமூக உரிமைகள் உள்ளன, அவற்றை வரையறுப்பது கடினமெனினும் நாட்டுப்புற மக்களுக்கு அவை இன்றியமையாதவை என்பது வாரியத்தின் நிலைப்பாடு. வரையறுக்கக் கடினம் என்ற அந்த ஒன்றே உரிமைக்குக் கேடாயிற்று. ஹெல்ப்ஸ்டனில் கேட்ட கேள்வி இங்கும் கேட்கப்பட்டது: எழுத்தில் உண்டா? இல்லாதவை பெரும்பாலும் அரசின் சலுகைகளாக மாறின.

இவ்விடத்தில் நின்று, பழைய ஊர்ப்பொது ஒரு பொற்காலம் என்று முடித்துவிட நமக்கும் ஆசைதான். ஆனால் நம் ஊர்களில் அப்பொதுவுக்குள் எல்லோரும் இருந்ததில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் அரசுக்களித்த அறிக்கையில், நிலமற்ற பறையர் குடிகள் தரிசு நிலம் பெற முயன்றபோது மிராசுதாரர்கள் ஊர்நிலத்தின்மீது தமக்குள்ள பழைய உரிமையைக் காட்டியே தடுத்ததைப் பதிவுசெய்தார். 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலமளிக்கும் அரசாணை பிறந்ததற்கு அவ்வறிக்கை வழிகோலியது. பஞ்சமி நிலம் என இன்று நாம் குறிப்பிடுவது அதனையே. மகாத் நகரின் சவுதார் குளம் பொதுக்குளம் என்றே ஏட்டில் இருந்தது. அதன் நீரை அள்ளிப் பருக அம்பேத்கர் 1927இல் ஆயிரக்கணக்கானோரோடு நடக்க வேண்டியிருந்தது. வேலி கம்பியால் மட்டும் ஆவதன்று. இங்கிலாந்திலும் குடிசைக்காரனின் உரிமையும் நிலக்காரனின் உரிமையும் ஒன்றாயிருந்ததில்லை.

ஆகவே பொதுநிலத்தின் வரலாறு நம்முன் வைப்பது இரண்டு வினாக்கள். யார் அடைத்தார்கள் என்பது ஒன்று; அடைபடுமுன் உள்ளே யார் இருந்தார்கள் என்பது மற்றொன்று. முதல் வினாவை மட்டும் கேட்டால் பழமைக்குப் பாராட்டுரை எழுதுவோம். இரண்டாம் வினாவை மட்டும் கேட்டால், எல்லாவற்றையும் விலைக்கு விடுவதே நீதி என்போரின் கையில் சிக்குவோம்.

ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டுமென 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பஞ்சாபின் ஊர்க்குளம் ஒன்றைப் பற்றிய வழக்கில் ஆணையிட்டது. ‘புறம்போக்கு’ என்னும் வசைச்சொல்லை அதன் பழைய பொருளுக்குத் திருப்பும் ஒரு பாடலை 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தின் கரையிலிருந்து டி.எம். கிருஷ்ணா பாடினார். தீர்ப்பும் பாட்டும் ஒரே சொல்லைத்தான் மீட்க முயல்கின்றன. ஒரு நிலத்தை எடுத்துக்கொள்ள விரும்புவோர் முதலில் அதன் பெயரை வீண் என்று மாற்றுகிறார்கள். நம் நாவு அதற்குத் துணைபோகிறது. ஹெல்ப்ஸ்டனின் கூலிக்காரக் கவிஞன் தன் கையால் நட்ட வேலியைத் தன் பாட்டால் பிடுங்க முயன்றான். நம்மால் இயன்றது, ஒரு சொல்லையாவது வசையிலிருந்து மீட்டு, ஊரார் அனைவர்க்கும் உரியதாக வைப்பது.